காயாக் தூண்டிலுக்கு எந்தக் கரை?

காயாக் வாங்கியவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எங்க போனா மீன் கிடைக்கும்?" யாராவது ஒருவர் வாட்ஸாப்பில் லொக்கேஷனைத் தட்டிவிடுவார். கூடவே ஒரு பெரிய கொடுவாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் படம். அது எந்த மாதம் எடுத்த படம், அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம், அவர் எங்கே இறங்கி எங்கே கரையேறினார் என்று ஒரு தகவலும் இருக்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரின் கூரையில் காயாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

என் கணக்கு வேறு. ஓர் இடத்தைப் பற்றி நான் கேட்கும் கேள்விகளில் மீன் கடைசியில்தான் வரும். அங்கிருந்து எப்படித் திரும்பி வருவேன் என்பது முதல் கேள்வி. எந்த மாதம் என்பது இரண்டாவது. அந்தத் தண்ணீர் யாருடையது என்பது மூன்றாவது. இந்த மூன்றும் சரியாக இருந்தால், மீன் சுமாராகக் கிடைக்கிற இடத்துக்கும் தாராளமாகப் போகலாம். மூன்றில் ஒன்று இடறினால், மீன் கொட்டிக் கிடந்தாலும் அந்த இடம் எனக்கு வேண்டாம்.

நான் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையையும் மன்னார் வளைகுடாவையும் மனத்தில் வைத்துத்தான். கால்களை நீட்டி மேலே உட்கார்ந்து ஓட்டும் மீன்பிடிக் காயாக்குக்குப் பொருந்தும் கணக்கு இது. அதில் துடுப்புப் போட்டு மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் போகலாம். எதிர்க்காற்று வந்துவிட்டால் அதில் பாதிகூடப் போக முடியாது. மற்ற முடிவுகளெல்லாம் இந்த வேகத்திலிருந்துதான் பிறக்கின்றன.

முதலில், திரும்பும் வழி

நம் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆனால் காயாக்கை இறக்கவும், பிறகு பத்திரமாகக் கரையேற்றவும் தோதான இடங்கள் அதில் கொஞ்சம்தான். பழவேற்காட்டில் தொடங்கி கோடியக்கரை வரை பெரும்பாலும் திறந்த மணற்கரை. வங்கக்கடலின் அலை நேராக வந்து அடிக்கும்.

அலையைத் தாண்டி உள்ளே போவது அவ்வளவு கஷ்டமில்லை. அலை கண்ணுக்கு எதிரே வருகிறது, முனையை நேராகப் பிடித்துத் துடுப்புப் போட்டால் ஏறி இறங்கிவிடலாம். திரும்பி வரும்போதுதான் சங்கடம். அலை முதுகுக்குப் பின்னால் வருகிறது. பின்பக்கத்தைத் தூக்குகிறது, முன்முனை தண்ணீரில் குத்துகிறது, படகு பக்கவாட்டில் திரும்புகிறது, அடுத்த நொடி நீங்கள் தண்ணீருக்குள். ராடு, ரீல், கொக்கிகள், மீன் பெட்டி, கத்தி எல்லாம் கூடவே. ஆளைத் தள்ளிவிட்ட காயாக்கை அடுத்த அலை கரையை நோக்கி வீசும். இடுப்பளவுத் தண்ணீரில் அதற்கும் கரைக்கும் நடுவில் நின்றால் விலா எலும்பு தாங்காது. கவிழ்ந்தால் படகின் கடல் பக்கம் நில்லுங்கள், கரைப் பக்கம் ஒருபோதும் வேண்டாம்.

அதனால் புதிய கரைக்குப் போனால் காயாக்கை இறக்குவதற்கு முன் கால் மணி நேரம் சும்மா நின்று அலையைப் பார்ப்பது என் வழக்கம். பெரிய அலைகள் தனியாக வருவதில்லை. சில அலைகள் அடுத்தடுத்து வரும், பிறகு கொஞ்சம் ஓய்வு. ஃபைபர் படகுக்காரர்கள் அலை உடையும் கோட்டுக்கு வெளியே எஞ்சினை உறுமவிட்டுக் காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஓய்வுக்காகத்தான். அவர்களுக்கு எஞ்சின் இருக்கிறது; ஓய்வு முடிவதற்குள் கரைக்கு வந்துவிடுவார்கள். நமக்கு அந்த வேகம் கிடையாது. அந்த ஓய்வு நேரம் துடுப்புப் போட்டுக் கரையேறப் போதாது என்று தெரிந்தால், அன்றைக்கு அந்தக் கரை நமக்கில்லை.

அரசு கட்டியிருக்கும் தூண்டில் வளைவுகள் பல ஊர்களில் உதவும். கற்சுவரின் ஒரு பக்கம் அலை மோதும்போது மறுபக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். ஊர்ப் படகுகளும் அந்தப் பக்கம்தான் ஏற்றியிருப்பார்கள். கல்லிடுக்கில் மீனும் சேரும். ஆனால் வளைவின் நுனிக்கு நெருங்கிப் போய்த் தூண்டில் போடாதீர்கள். கல்லில் மோதித் திரும்பும் தண்ணீருக்கு ஒழுங்கு கிடையாது. கல்லில் ஒட்டியிருக்கும் சிப்பி உடம்பையும் கிழிக்கும், காற்றடைத்த காயாக்கையும் கிழிக்கும்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையை நான் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. கரை செங்குத்தாக இறங்குவதால் அலை காலடியில் வந்து உடையும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயிலில், அந்தக் கடலிலேயே பிறந்து வளர்ந்த மீனவர்களே பலர் உயிரிழந்திருக்கிறார்கள். போதாக்குறைக்குக் கள்ளக்கடல். காற்றே இல்லாத நாளில், எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய நீண்ட அலை வந்து கரையை விழுங்கும். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படி ஒரு நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கடல் நிலை அறிவிப்பும் உயர் அலை எச்சரிக்கையும் வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முந்தின இரவும் அன்று காலையும் அதைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

இரண்டாவது, மாதம்

"மண்டபம் நல்ல இடமா?" என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. "மார்ச் மாதம் மண்டபம் நல்ல இடமா?" என்று கேட்டால் சொல்ல முடியும்.

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் ஒரே ஊருக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் ஆழமில்லாத வடகடல், தெற்கே மன்னார் வளைகுடாவான தென்கடல். முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் அப்படியே தலைகீழ். இதைப் படித்தவுடன், "அப்படியானால் வருடம் முழுக்க ஏதாவது ஒரு பக்கம் போகலாமே" என்று தோன்றும். அங்கேதான் காயாக்காரனுக்கு ஒரு கண்ணி இருக்கிறது.

ஜூலையில் வடகடல் ஏன் அடங்கியிருக்கிறது? காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால். கரையோரம் தண்ணீர் தகடாக இருக்கும். அரை கிலோமீட்டர் உள்ளே போனால் கரையின் மறைப்பு போய்விடும். காற்றுக்கு முழு வலு வந்துவிடும். உள்ளே போகும்போது அது முதுகில் தள்ளுவதால் நம் துடுப்புத் திறமையை நாமே மெச்சிக்கொள்வோம். திரும்பினால்தான் தெரியும். எஞ்சின் படகுக்கு நல்ல கடலாக இருப்பது காயாக்குக்கு ஆபத்தான கடலாக இருப்பது இப்படித்தான்.

சென்னைப் பக்கமும் இதே கதை. ஜூன், ஜூலை காலைகளில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று கடலை இஸ்திரி போட்டு வைத்திருக்கும். நீலாங்கரையிலோ கோவளத்திலோ நின்று பார்த்தால் இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று கை அரிக்கும். கச்சான் வலுத்து அடிக்கும் காலையில் திறந்த கடலில் இறங்காமல் இருப்பதே நல்லது. அதற்கு மாறாக, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காலையில் காற்று மெல்லியதாக இருக்கும். பகல் ஏற ஏற கடற்காற்று கிழக்கிலிருந்து எழும்பும். அது கொஞ்சம் அலையைக் கிளப்பினாலும் உங்களைக் கரைப் பக்கமாகத் தள்ளும். பயப்பட வேண்டியது அலை தெரியாத காற்றுக்குத்தான்.

என் வரம்பு இது: முன்னறிவிப்பில் காற்று மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டினால் திறந்த கடல் இல்லை. நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்றென்றால் அதற்கும் குறைவான வேகத்திலேயே முகத்துவாரத்துக்குள்ளோ காயலுக்குள்ளோ ஒதுங்கிவிடுவேன்.

காற்றோடு நீரோட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். சென்னைக் கரையில் நீர் சில நாள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும், சில நாள் வடக்கிலிருந்து தெற்கே. குப்பத்தில் யாரைக் கேட்டாலும் அன்றைக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்கள். நீர் வடக்கே ஓடினால் முதலில் தெற்கே போங்கள், தெற்கே ஓடினால் முதலில் வடக்கே. உடம்பில் தெம்பு இருக்கும்போது நீரை எதிர்த்துப் போய்விட்டால், களைத்த நேரத்தில் அதுவே கொண்டுவந்து சேர்க்கும்.

மாதக் கணக்கைச் சுருக்கமாகச் சொன்னால்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல், வெள்ளம், தூண்டிலைத் துடைத்து வையுங்கள். ஜனவரி பாதிக்குமேல் ஏப்ரல் வரை நமக்குப் பொற்காலம். மே முதல் செப்டம்பர் வரை அதிகாலையில் மட்டும், உள்நீரில் மட்டும். மாலையில் இடிமழை கூடும் மாதங்களில், கார்பன் ராடைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீர்ப்பரப்பின் நடுவில் உயரமாக இருக்கும் ஒரே பொருளாக நீங்கள் இருக்கக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது. அந்த நாட்களில் பெரிய படகுகள் கரையில் கிடக்க, சின்ன வள்ளங்களை நம்பியிருப்பவர்களுக்குத்தான் சந்தை. அப்போது கரையோரத்தில் அவர்கள் வலைக்குக் குறுக்கே போய் நிற்காமல் இருப்பது மரியாதை.

மூன்றாவது, யாருடைய தண்ணீர்

கடல் பொது, ஆறு பொது என்று பேசிக்கொள்கிறோம். தண்ணீரில் இறங்கிப் பார்த்தால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

பழவேற்காடு ஏரியில் "பாடு" என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்பதை ஊர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. நமக்கு வெறும் தண்ணீராகத் தெரியும் இடம், வேறொருவர் தன் முறைக்காக நாள் எண்ணிக் காத்திருந்த இடம். கூடவே அது பறவைகள் சரணாலயம். அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். 2011 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஏரியில் பல இடங்களில் ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் ஆழம். ஆனால் முகத்துவாரம் அப்படியில்லை. பழவேற்காட்டுக்குப் போங்கள், நண்டு வாங்கிச் சாப்பிடுங்கள், பூநாரை பாருங்கள். தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. தீவுகள் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்று ஆசை காட்டும். பவளப்பாறையில் களவாவும் பாறையும் திரளும் என்பதும் உண்மைதான். அதற்காகத்தான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். தீவுப் பக்கம் படகைத் திருப்பவே வேண்டாம். பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் வனத்துறையின் கையில் இருக்கும் அலையாத்திக் காடுகள். அங்கே வேடிக்கை பார்க்கப் படகு உண்டு. தூண்டிலுக்கான இடங்கள் அல்ல. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 2022இல் கடல்பசு பாதுகாப்பகம் அறிவித்தார்கள். கடற்புல் படுகைமேல் மிதக்கும்போது ஆவுளியா என்கிற கடல்பசு ஒன்று மூச்சுவிட மேலே வந்தால் துடுப்பை நிறுத்தி, விலகி, வாய் மூடிப் பாருங்கள். அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

தனுஷ்கோடி முனை பற்றியும் கேட்பார்கள். இரு கடலும் சேரும் இடத்தில் இழுப்பு அதிகம். எல்லைக் கோடும் தொலைவில் இல்லை, கடற்படையும் கடலோரக் காவல் படையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற இடம். தூண்டில் போட உலகத்தில் வேறு இடமா இல்லை? கல்பாக்கம், கூடங்குளம் அணு மின் நிலையங்களுக்கும் துறைமுகங்களின் கப்பல் வழிக்கும் இதே பதில்தான்.

அணைகள்? அவற்றின் மீன்பிடி உரிமை மீன்வளத் துறையிடமோ மீன் வளர்ச்சிக் கழகத்திடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ இருக்கும். அனுமதி இல்லாமல் காயாக்கை இறக்கினால் கரையேறும்போது வரவேற்க ஆள் நிற்பார்கள். உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதி அணை பார்க்க ரம்மியமாக இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தென்னிந்தியாவில் சதுப்புநில முதலைகள் காட்டில் மிக அதிகமாக இனப்பெருக்கம் செய்யும் இடம் அது. கிராமத்துக் கண்மாய் என்றால் குத்தகைக்காரர் கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டு வளர்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பார்த்துப் பேசி, ஒரு தொகை கொடுத்து, அவர் சரி என்ற பிறகு இறங்கினால் பிரச்சினையே இல்லை. பாதிப் பேர் சிரித்துக்கொண்டே, "சும்மா போடுங்க சார்" என்பார்கள்.

இதற்கு நேர் எதிராக, திறந்த கடலில் நமக்குச் சாதகமான ஒரு சட்டமும் உண்டு. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையை ஒட்டிய பட்டை பாரம்பரியப் படகுகளுக்கு உரியது, இழுவைப் படகுகள் அதற்கு அப்பால்தான் போக வேண்டும். நம் காயாக் உலவுவதும் அந்தப் பட்டைக்குள்தான். அதாவது நாம் விருந்தாளியாகப் போயிருப்பது கட்டுமரக்காரர் வீட்டுக்கு. கொடி கட்டிய மிதவை தெரிந்தால் அடியில் வலையோ நண்டுக் கண்ணியோ இருக்கிறது என்று அர்த்தம், சுற்றிக்கொண்டு போங்கள். பாக் நீரிணையில் முழங்கால் தண்ணீரில் வரிசையாகக் கம்பு நட்டுக் களங்கட்டி வலை போட்டிருப்பார்கள். அந்தக் கம்பில் காயாக்கைக் கட்டிவிட்டு டீ குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊர்க்காரர் கோபப்பட்டால் அது நியாயம்.

வெள்ளாறு: ஓர் இடத்தை எப்படிப் படிப்பது

இனி, தேறிய இடம் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரப் பகுதி எனக்கு அளவுகோல். சிதம்பரத்தில் இரவு தங்கி விடியற்காலையில் போய்விடலாம். ஆறு அகலமானது, அலை கிடையாது, இரு பக்கமும் கரையேற இடம் உண்டு. எங்கே கவிழ்ந்தாலும் நீந்திக் கரை சேரலாம்.

அங்கே ஆட்டத்தை நடத்துவது ஏத்தமும் வத்தமும். நம் கரையில் ஓத வேறுபாடு பெரிதில்லை. சென்னைப் பக்கம் அதிகபட்சம் ஒரு மீட்டர் சொச்சம், தெற்கே போகப் போக இன்னும் குறையும். ஆனால் அந்த ஒரு மீட்டர் தண்ணீரும் குறுகலான வாய் வழியாக வெளியேறும்போது வேகம் பிடிக்கும். இதைக் கணக்குப் போட வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு அதிகம், அஷ்டமியை ஒட்டிக் குறைவு. நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

அன்னங்கோயில் மீன் இறங்குதளத்தில் ஒருமுறை, வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்: "இன்னிக்கு முகத்துவாரம் எப்படிண்ணே இருக்கு?"

அவர் காயாக்கை ஒரு பார்வை பார்த்தார். "முகத்துவாரம் நல்லாத்தான் இருக்கு தம்பி. எட்டு மணிக்கு மேல வத்தம் எடுக்கும். அதுக்கப்புறம் கெழக்க போவாத. போனா, திரும்பி வர எங்க போட்டத்தான் கூப்பிடணும்."

அவ்வளவுதான், முழுத் திட்டமும் அந்தப் பதிலில் இருக்கிறது. முகத்துவாரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இறங்க வேண்டும். ஏத்தம் ஏறும்போது அதோடு மேற்கே, ஆற்றுக்குள் போக வேண்டும். தண்ணீர் நின்று திரும்பும் நேரத்தில் தூண்டில் போட வேண்டும். வத்தம் தொடங்கியதும் அதோடு மிதந்து வந்து, இறங்கிய இடத்திலேயே ஏறிவிட வேண்டும். இறங்கிய இடத்துக்குக் கிழக்கே ஒரு மீட்டர்கூட இல்லை.

மீனும் இதே கணக்கில்தான் நடக்கிறது. வத்தம் இழுக்கத் தொடங்கியதும் வாய்க்கால்களிலிருந்து இறாலும் மடவைக் குஞ்சும் ஆற்றுக்கு அடித்து வரப்படும். பாலத் தூணுக்குப் பின்னால் தண்ணீர் சுழித்து மந்தமாகும் இடத்தில் கொடுவா பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த மாதிரி காத்திருக்கும். தூணில் தண்ணீர் மோதும் பக்கம் போடாமல், நிழல் விழும் பக்கம், சுழிப்பும் ஓட்டமும் உரசும் கோட்டில் இரையை விடுங்கள். கலங்கல் இருந்தால் உயிர் இறால், தெளிந்திருந்தால் லூர். கொத்தியதும் அது நேராகத் தூணைச் சுற்றப் பாயும். லைனில் சிப்பி பட்டால் கதை முடிந்தது. அதனால் கொத்தின நொடியே துடுப்பை எதிர்ப்பக்கம் ஒரு போடு போட்டு, காயாக்கைத் தூணிலிருந்து விலக்கிவிட்டுப் பிறகு மீனோடு மல்லுக்கட்டுங்கள்.

நங்கூரம் போடுவதாக இருந்தால் முன்முனையிலோ பின்முனையிலோ மட்டும். இழுப்பு இருக்கும் தண்ணீரில் நடுவில் கட்டினால் காயாக்கைப் பக்கவாட்டில் சாய்த்து உருட்டிவிடும். கட்டை ஒரே இழுப்பில் அவிழ்க்கும்படி போடுங்கள், கத்தி கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

மழைக்காலம் முடிந்த கையோடு போகாதீர்கள். நல்ல தண்ணீர் வெள்ளம், மிதந்து வரும் மரம், கலங்கல் எல்லாம் அடங்கி, உப்பு மறுபடி ஏறிய பிறகு, தை பிறந்த பின் போங்கள்.

மற்றவை, வேகமாக

முட்டுக்காடு: சென்னைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரம். படகுத்துறைப் பக்கம் மோட்டார் படகு கிளப்பும் அலை ஓயாது. வார நாளில், விடிந்தவுடன், கேட்டுவிட்டு, படகுகள் ஓடாத பக்கம். முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும் மாதங்களில் தண்ணீர் தேங்கி, மீனும் மந்தம். திறந்திருக்கும்போது மடவையும் பாறைக் குட்டியும் ஏறி வரும். கூவமும் அடையாறும் அருகில்தான் என்று நினைப்பவர்களுக்கு, அந்தத் தண்ணீரில் பிடித்ததை உங்களால் சாப்பிட முடியுமா என்று மட்டும் கேட்கிறேன்.

கோவளம் திறந்த கடல்: பிப்ரவரி, மார்ச் காலைகளில், அலையில் ஏறி இறங்கப் பழகியவர்களுக்கு மட்டும். சீலா, சின்ன வஞ்சிரம், கிழங்கான். தனியாகப் போகக் கூடாது. கரையில் நின்றால் ஆளின் தலை தெரிகிற தூரத்தைத் தாண்டக் கூடாது.

தேவிப்பட்டினம் முதல் மண்டபம் வரை வடகடல்: புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மார்ச், ஏப்ரலில் இதைவிட அமைதியான கடல் கிடைக்காது. பெடல் காயாக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: கடற்புல் துடுப்புத் தகட்டில் சுற்றிக்கொள்ளும், ஆழமும் போதாது. சாதாரணத் துடுப்பே மேல். இறங்கும்போது காலை மணலில் தேய்த்துக்கொண்டே நடங்கள், திருக்கை விலகிப் போகும். தூக்கி வைத்தால் அதன் முதுகில் வைப்பீர்கள்.

புன்னைக்காயல்: தாமிரபரணி கடலில் சேரும் இடம். கொடுவாவும் செப்பிலியும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தூத்துக்குடிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்தாலே புரியும், காயாக்குக்கு வேலை இல்லை.

எங்கே போனாலும் உயிர்காப்புச் சட்டை உடம்பில் இருக்க வேண்டும், படகில் கட்டி வைத்திருப்பது உதவாது. விசில், தண்ணீர் புகாத உறையில் ஃபோன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று தெரிந்த ஒருவர் கரையில். கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. இரண்டு எண்களும் உங்கள் ஃபோனிலும் கரையில் இருப்பவர் ஃபோனிலும் பதிந்திருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. ஓர் இடத்தை மட்டும் முடிவு செய்துகொண்டு கிளம்பாதீர்கள். இருநூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிவிட்டு, லீவு போட்டுவிட்டு, கரையில் நின்று "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. வேறு வழி கையில் இருந்தால்தான் அந்த வார்த்தை வாயில் வரும். அதனால் ஒவ்வொரு திறந்த கடல் திட்டத்துக்கும் பக்கத்திலேயே ஓர் உள்நீர் இடத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்: கோவளத்துக்கு முட்டுக்காடு, தூத்துக்குடிக் கடலுக்குப் புன்னைக்காயல் ஆறு. முதன்முதலில் போகிறவர் என்றால் மாசி மாதம், அஷ்டமியை ஒட்டிய ஒரு வார நாள், வெள்ளாறு. அன்றைக்கு மீன் படாவிட்டாலும் பரவாயில்லை, அன்னங்கோயில் ஏலத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.